தமிழில் ஒரு வட்டம்

யோகப்பிரியா சிவப்புப் பேனாவால் மூன்றாவது முறையாகச் சுழித்துவிட்டு, நோட்டைத் திருப்பி பெஞ்சின்மேல் வைத்தாள். ஜோமோள் தலையைத் தூக்கவில்லை. பத்துச் சொல்லில் ஆறு தப்பு.

"மறுபடியும் வ்யாசம்னே எழுதியிருக்கீங்க. அது மலையாளம். தமிழ்ல விட்டம்."

தமிழுக்கும் மலையாளத்துக்கும் எல்லையான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அதனால் யோகப்பிரியாவின் திட்டு யாருக்கும் பெரிதாக வலிப்பதில்லை. ஜோமோளுக்கு மட்டும் கண் கலங்கியது. அவள் கோட்டயத்துக்காரி. இந்தத் தமிழ்வழிப் பள்ளிக்கு வரும்வரை அவளுக்குத் தெரிந்த தமிழ், வணக்கம் ஒன்றுதான்.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் பத்தாம் வகுப்பின் முப்பத்தொரு பேரில் இருபத்துநாலு பேர் கணக்கில் தேறவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பழி முழுவதும் ஜோமோள்மேல் விழுந்தது. தமிழ் தெரியாத ஒருத்தியால் வகுப்பே கெடுகிறது என்றார்கள். மலையாளவழிப் பள்ளிக்கு மாற எழுதிக் கொடுக்கும்படி தலைமை ஆசிரியர் அப்புசாமி தாளையே நீட்டினார். ஜோமோள் அதைக் கையால் தொடவில்லை.

சரி, திங்கட்கிழமை காலை ஒரு பாடத்தை முழுதாகத் தமிழில் விளக்கட்டும், முடியாவிட்டால் மாற்றம்தான் என்று அவர் முடித்துவிட்டார். அன்று சாயங்காலமே யோகப்பிரியா அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"அவங்க சொல்லிருவாங்க சார். சொல்லலைன்னா என்னையும் சேத்து அனுப்பிருங்க."

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஜோமோளை அனுப்பிவிட்டால் மற்றவர்கள் தேறிவிடுவார்களா? ஒரே கணக்கை மூன்று வழியில் போடத் தெரிந்தவர் அந்த வகுப்பில் வேறு யார்? ஒன்பதாவதில் பாதி வருடம் கணக்குக்கு ஆளே இல்லாமல் பிள்ளைகள் திண்டாடியதை யோகப்பிரியா மறக்கவில்லை. மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. இப்போதே பாதிப் பேர் பயத்தில் காலைச் சாப்பாட்டைத் தொடாமல் வருகிறார்கள்.

இன்று திங்கட்கிழமை. வகுப்பறையில் அவர்கள் இரண்டு பேர்தான். மணி அடிக்க அரைமணி நேரம் இருந்தது.

"எனக்கு இது தலையில கேறல," என்றாள் ஜோமோள்.

"கேறுமுங்க. கேறாம எங்க போயிரும்?"

யோகப்பிரியா கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டாள். எதையும் கழற்றிக் காட்டினால்தான் அவளுக்குத் திருப்தி. "ஊட்டுல இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் மரம் போடுவாங்கல்ல, அது விட்டம். பாதியில நின்னா ஓடு தலையில விழும். வட்டத்துலயும் அப்படித்தான். இந்த ஓரத்துல கெளம்பி, நடுப்புள்ளி வழியா, அந்த ஓரம் வரைக்கும் போகோணும்."

பிறகு வெளியே ஒரு கோடு இழுத்தாள். அது வட்டத்தை ஒரே ஒரு இடத்தில் உரசிவிட்டுப் போனது. ஸ்டாண்டுக்குள் நுழையாமல் வாசலோடு உரசிக்கொண்டு போகும் பொள்ளாச்சி பஸ்ஸை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அதுதான் தொடுகோடு. உள்ளே புகுந்து மறுபக்கமாக வெளியேறினால் அது வெட்டுக்கோடு.

ஜோமோள் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். "அப்போ தினம் என்னை ஏத்தாம விட்டுட்டுப் போற பஸ், தொடுகோடு."

யோகப்பிரியா சிரித்துவிட்டாள். அடுத்த பத்துச் சொல்லில் ஒன்பது சரி. தப்பாய்ப்போன ஒன்றை ஜோமோளே கண்டுபிடித்து, அடித்துத் திருத்தினாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமான சத்தம் இல்லை. அப்புசாமி கடைசி பெஞ்சில் ஒரு நோட்டோடு இடம்பிடித்து, ஆகட்டும் என்பதுபோல் கையை அசைத்தார்.

ஜோமோள் எழுந்து கரும்பலகைக்குப் போனாள். யோகப்பிரியா அவளிடம் சாக்பீஸை நீட்டி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பாடத்த எடுங்க டீச்சர், உங்கள ஆரு மாத்தறாங்கன்னு நாங்க முப்பத்தொரு பேரும் பாத்தர்றோம்."