பட்டு உருகுமா

"ஆன்ட்டி, அங்கேயே நில்லுங்க. அந்தப் புடவையோட உள்ள வராதீங்க."

பட்டறைக்குள் ஒரு காலை எடுத்து வைத்திருந்த யோகேஸ்வரி அப்படியே நின்றாள். பிறகு, வேண்டுமென்றே, மற்ற காலையும் எடுத்து வைத்தாள்.

மருமகளாக வர நினைப்பவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே 'வராதீங்க'.

லோஷினியை மகன் ரூபேந்திரனின் கைப்பேசியில்தான் இதுவரை பார்த்திருந்தாள். நேரில், தடித்த பருத்திச் சட்டையும் தோல் ஏப்ரனுமாக, கையில் குறடோடு நின்றாள். சிகாமட் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் இவள் பட்டறையிலிருந்துதான் போகிறதென்று ரூபேந்திரன் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அதில் பெருமைப்பட என்ன இருக்கிறதென்று யோகேஸ்வரிக்குப் புரியவில்லை. அடுப்படியில் நிற்க வேண்டியவள் உலையடியில் நிற்கிறாள்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகத்தான், மகன் சிங்கப்பூரில் இருக்கும் நாளாகப் பார்த்து வந்திருந்தாள். சும்மா வரவில்லை. மாம்பழ நிறத்தில், அகலச் சரிகை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

லோஷினி சுவரைக் காட்டினாள். மலாயிலும் தமிழிலும் பெயிண்டால் எழுதியிருந்தது: நைலான், பாலியஸ்டர் துணியோடு உள்ளே வரக்கூடாது.

"இது பட்டும்மா. தீபாவளிக்கு என் மகன் சிங்கப்பூர்ல எடுத்துக் கொடுத்தது."

லோஷினியின் பார்வை புடவை மேல் ஒரு கணம் நின்றது. என்னவோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டாள். அடிக்க எடுத்த இரும்பைப் பட்டறைக்கல்லின் மேல் போட்டுவிட்டு, "வாங்க ஆன்ட்டி, வெளிய உட்காந்து பேசலாம்" என்றாள்.

யோகேஸ்வரி வெளியே போகவில்லை. நேராக அவளிடம் நடந்தாள். சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னாள். ரெண்டே வாக்கியம். சொல்லிவிட்டு விருட்டென்று திரும்பினாள்.

திரும்பிய வேகத்தில் முந்தானை பட்டறைக்கல்லைத் தடவிக்கொண்டு போனது.

இரும்பில் சிவப்பு அடங்கியிருந்தது. சூடு அடங்கவில்லை.

முந்தானை இரும்பில் ஒட்டியது, சுருண்டது, பற்றியது. யோகேஸ்வரி அதைத் தட்டி அணைக்கப் போனாள். உருகிய துணி பாகு மாதிரி அவள் முன்கையில் இழுபட்டு ஒட்டிக்கொண்டது.

அலறினாள். அடுத்த நொடி ஒரு வாளித் தண்ணீர் அவள் மேல் வந்து விழுந்தது. நெருப்பு அணைந்தது. கையில் ஒட்டியதைப் பிய்க்கப் போனவளின் மணிக்கட்டை லோஷினி இறுகப் பிடித்தாள்.

"இழுக்காதீங்க! தோலோட வந்துரும்!"

ஒட்டிய துண்டை அப்படியே விட்டு, சுற்றிலும் கத்தரித்து எடுத்தாள். கையைக் குழாயடியில் நீட்டிப் பிடித்தாள். குத்தியிருந்த ஊசிகளைக் கழற்றிப் பாதி கருகிய புடவையை உருவினாள். யோகேஸ்வரி உள்பாவாடையோடு கூனிக் குறுகுவதற்குள், தன் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டு, பருத்திச் சட்டையைக் கழற்றி அவள் தோளைப் போர்த்திவிட்டு, பனியனோடு ஓடிப்போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து மறுபடி கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தரையில் கிடந்த புடவையின் ஓரம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக, கடினமான மணிகள். யோகேஸ்வரி அதையே பார்த்தாள். லோஷினியும் பார்த்தாள்.

"பட்டு இப்படியா உருகும்?"

கேட்டது யோகேஸ்வரிதான்.

லோஷினி கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பட்டும் இப்படித்தான் ஆன்ட்டி உருகும். நெருப்புக்கு எல்லாம் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, கிளினிக் போயிரலாம்."

பட்டு கருகும், உருகாது என்பது யோகேஸ்வரிக்குத் தெரியும்.

தன் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக, முழங்கால் வலி வரும் வரை, அவள் தங்காக் ஊர் ஜவுளிக்கடையில் நின்று பட்டு விற்றவள். தீபாவளியன்று மகன் பையைப் பிரித்து, "அசல்தானேம்மா?" என்று கேட்டபோது, விரல் பட்ட மறுகணமே அது பட்டே இல்லையென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். "அசல் பட்டுடா" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஊரெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு அதையே சொல்ல இன்னொருத்தி இருக்கிறாள்.

கிளினிக்குக்குப் போகக் காரில் ஏறியதும் யோகேஸ்வரி சொன்னாள்.

"கல்யாணப் புடவை எடுக்கப் போறப்ப அவன் வேணாம். நாம ரெண்டு பேர் மட்டும் தங்காக் போய்ட்டு வந்துருவோம்."