வயிற்று மேட்டில் ஒரு பேக்கரி

பிரசவம் வரை படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி இன்றோடு பதினோரு நாள். பேக்கரிக்காரி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் போர்வை மேல் கிடக்கிறது. வயிற்று மேட்டில் சாய்த்து வைத்த போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, தலையணை மேலிருக்கும் கணவனின் போன் வழியாகக் கடையிலிருந்து கேமரா மாட்ட வந்தவர் குரல் கொடுக்கிறார். "பாஸ்வேர்டுல கடைசியில 'ஓ' இல்லம்மா, பூஜ்யம். மாத்திப் போடுங்க." மாற்றிப் போடுகிறாள். வட்டம் நிற்கிறது. கறுப்புத் திரை நான்காகப் பிரிந்து ஒவ்வொரு சதுரமாக விடிகிறது: அடுப்பு, மாவு மேசை, கண்ணாடி அலமாரி, வாசல். "வந்துடுச்சு! வந்துடுச்சு!" அவள் கத்திய கத்தலில் உள்ளே குழந்தை ஓர் உதை விட, கடை மொத்தமும் குலுங்குகிறது. "அண்ணி, கையாட்டறேன், தெரியுதா?" என்கிறாள் கடையைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார். குரல் வந்து மூன்று நொடி கழித்துத்தான் மாவு படிந்த கை ஆடுகிறது. "நல்லாத் தெரியுது. முதல்ல அந்த பன் தட்டை மூடு, ஈ மொய்க்கப் போகுது." மூன்று நொடியில் தட்டு மூடுகிறது. அவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. அப்போது நான்காம் சதுரத்தில் கதவு திறந்து, குடையை மடக்கியபடி ஓர் அம்மாள் உள்ளே வருகிறார். "வாங்க, வாங்க! என்ன வேணும்?" என்று பேக்கரிக்காரி வாய் நிறைய அழைக்கிறாள். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த கணவன் வீட்டு வாசல் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அறைக்குள் தலையை நீட்டுகிறான். "யாரு வந்திருக்காங்க?" திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் கையமர்த்துகிறாள். "நான் கடையில இருக்கேங்க. அப்புறம் பேசறேன்."