மூக்குக்கு ஒரு நாற்காலி

"கையைக் கழுவிட்டு வாங்க. இன்னிக்கு நீங்க விருந்தாளிங்க இல்ல, வேலைக்காரங்க" என்றார் முதலாளியம்மா.

'மற்ற நாட்களில் நாங்கள் யார்?' என்று, வந்திருந்த மூன்று பேரில் ஒருத்தியும் கேட்கவில்லை. சிரித்தார்கள். பிஸ்கட் கம்பெனியில் முதலாளியம்மா பேச்சுக்குச் சிரிப்பதும் சம்பளத்தில் சேர்ந்ததுதான்.

விடுமுறை நாளில் வீட்டுக்குக் கூப்பிட்டது, ஒரே தட்டில் பெரிய குக்கிக்கு மாவு பரப்பி, அலங்காரம் செய்து, சுட்டு, சேர்ந்து சாப்பிட. அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் புதுச் சரக்கை முகர்ந்தும் ருசித்தும் பார்க்கும் பிரிவுக்குத் தலைமை தேவை என்பதும், அந்த நாற்காலி இந்த மூவரில் ஒருத்திக்கு என்பதும் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த ரகசியம்.

ஒருத்தி கணக்குப் பிரிவு. இன்னொருத்தி விற்பனைப் பிரிவு. மூன்றாமவள் பேக்கிங் பிரிவின் மேற்பார்வை. ஆபீசில் அவளுக்கு 'ஆமாக்கா' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஒரு நொடி அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆமா" என்பாள். நின்று நின்றே வேலை பார்த்ததில் அவள் கால் நரம்புகள் நீலமாகச் சுருண்டிருந்தன. மற்ற இருவருக்கும் அந்தத் தலைமை ஒரு பதவி. அவளுக்கு அது உட்கார ஒரு நாற்காலி.

முதலாளியம்மா ஒரு குப்பியைத் திறந்து நீட்டினார். "இது என்ன எசன்ஸ், சொல்லுங்க."

"ஐயோ, வெனிலா மேடம். அப்படியே குடிக்கலாம் போல இருக்கு" என்றாள் கணக்கு.

"சாதா வெனிலா இல்ல, உசத்தியானது" என்றாள் விற்பனை.

ஆமாக்கா முகர்ந்தாள். இருவரையும் பார்த்தாள். "ஆமா மேடம், உசத்தி வெனிலா."

மாவைத் தட்டில் பரப்பியதும் அலங்காரம் ஆரம்பமானது. கணக்கு தன் பங்கில் முதலாளியம்மாவின் முகத்தையே வரைந்தாள். பாதாமில் கண், செர்ரியில் உதடு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் முந்திரி வைத்து அடைத்துவிட்டாள். விற்பனை, சாக்லேட் துண்டுகளால் கம்பெனிச் சின்னத்தைப் போட்டு, அதன்மேல் ஒரு கிரீடமும் வைத்தாள். ஆமாக்கா இந்தப் பக்கம் பார்த்து ஒரு கண் வைத்தாள், அந்தப் பக்கம் பார்த்து அரைக் கிரீடம் வைத்தாள். தன் பங்கைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. இவர்களுக்கு மட்டும் எப்படித் தானாகவே எல்லாம் வந்துவிடுகிறது?

"உனக்குன்னு சொந்தமா ஒண்ணும் தோணாதா?" என்று காதோரம் கேட்டாள் விற்பனை.

"ஆமா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளியம்மா தட்டை எடுத்துக்கொண்டு தனியாகச் சமையலறைக்குள் போய், ஓவனில் வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆமாக்காவின் போன் அடித்தது. பால்கனிக்கு ஓடினாள்.

"கேஸை மூடிட்டுத்தானே கிளம்புன?" கணவர்தான்.

"மூடிட்டேங்க. எங்க போனாலும் இதே கேள்விதானா?"

திரும்பி வந்தபோது முதலாளியம்மா விரலை உயர்த்தி மற்ற இருவரையும் அடக்கி வைத்திருந்தார். "நீங்க சொல்லியாச்சு. இனி வாயும் அசையக்கூடாது, முகமும் அசையக்கூடாது. இவங்க சொல்லட்டும். ஏம்மா, குக்கி வாசனை வருதா?"

ஆமாக்கா கணக்கைப் பார்த்தாள். சுவர். விற்பனையைப் பார்த்தாள். இன்னொரு சுவர். வருகிறது என்றால், என்ன வாசனை என்று அடுத்த கேள்வி வரும். வரவில்லை என்றால் அதோடு முடிந்தது. நாற்காலியும் முடிந்தது. போகட்டும், காலுக்குத் தைலம் இருக்கிறது.

"இல்ல மேடம். எனக்கு ஒண்ணும் வரல."

இரண்டு சுவர்களும் ஒரே நேரத்தில் இடிந்து சிரித்தன.

"மூக்கை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?" என்றாள் கணக்கு. "வெண்ணெய் உருகி கமகமன்னு ஆளைத் தூக்குது."

"தெருமுனை வரைக்கும் போயிருக்கும்" என்றாள் விற்பனை. "பாவம், பேக்கிங்ல அட்டைப்பெட்டி வாசனைதானே பழக்கம்."

முதலாளியம்மா எழுந்தார். "வாங்க, பாத்துடலாம்."

சமையலறையில் ஓவன் கதவைத் திறந்து, வெறுங்கையால் தட்டை வெளியே இழுத்தார். மாவு அப்படியே மாவாக இருந்தது. முந்திரிப் பல்லோடு அவர் முகம் அவரையே பார்த்து இளித்தது.

"சுவிட்சே போடல" என்றார். "தெருமுனை வரைக்கும் எது போச்சோ, எனக்குத் தெரியாது."

கணக்கு தரையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். விற்பனை தன் சாக்லேட் கிரீடத்தைத் தட்டிலிருந்து மெல்ல எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

முதலாளியம்மா ஆமாக்காவின் தோளில் கைவைத்தார். "வராத வாசனையை வரலன்னு சொல்ற மூக்குதான் எனக்கு வேணும். நாளைலேர்ந்து உங்க மூக்குதான் கம்பெனிக்கு மூக்கு."

ஆமாக்கா வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மேடம்" என்றாள்.

படியிறங்கும்போதே கணவருக்குப் போன் போட்டாள். "நாற்காலி எனக்குத்தாங்க. இனிமே உக்காந்து பாக்குற வேலை."

"அடி சக்கை. எந்தப் பிரிவு?"

"வாசனை பாக்குற பிரிவு."



"அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து உனக்கு எந்த வாசனையுமே தெரியாதேம்மா" என்றார் கணவர். "கேஸ் கசியுதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஓடிவந்து கதவைத் தட்டினப்ப, அடுப்புப் பக்கத்துலயே நின்னு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தவதானே நீ?"