எழுந்திருக்காதவர்

கோபன்ஹேகனை ஜெர்மானியர் பிடித்து இரண்டாவது இலையுதிர்காலம் இது. அணு ஆய்வுக்கூடத்தின் காப்பி அறையில் வெளிறிய வெயிலும் சிக்கரி வாசனையும் கலந்து கிடக்கின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி ஒருவர் வந்து மேசையில் அமர, நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன; அத்தனை பேரும் எழுந்து நடைவழிக்குப் போகிறார்கள். டிராம் வண்டியிலும் ஜெர்மானியர் பக்கத்தில் அமர்ந்தால் ஊர்க்காரர்கள் இப்படித்தான் எழுந்துவிடுவார்கள். ஹால்ஃப்டன் மட்டும் எழவில்லை. யுரேனிய அணு பிளவுபடும்போது வெளிப்படும் ஆற்றலை அளந்தவன், இப்போது விருந்தாளிக்குக் காப்பி ஊற்றுகிறான். தம்பிக்கு ரொட்டி கொண்டுவந்த தோரா சுவரோரம் விறைத்து நிற்கிறாள்.

“உங்க தம்பிக்குக் கால் மரத்துப்போச்சோ?” என்று கடந்துபோகிற சக ஆய்வாளர் ஈவெர் குத்துகிறார். பாதிரியார் வீட்டில் வளர்ந்த தம்பி ஜெர்மானியருக்கு விலைபோய்விட்டானா? தோரா அவனை உற்றுப் பார்க்கிறாள்.

“புது அளவுகள் எங்கே?” என்கிறார் ஜெர்மானியர்.

“கருவி பழுதாகி மாசக்கணக்காச்சுங்க.” தம்பியின் விரல்கள் நாற்காலி விளிம்பை இறுகப் பற்றியிருப்பதைத் தோரா கவனிக்கிறாள். எதை மறைக்கிறான்?

விருந்தாளி போனதும் ஹால்ஃப்டன் எழுந்து சன்னலுக்கு ஓடி, அவருடைய காரை எட்டிப் பார்க்கிறான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்தபடி ஒரு குறிப்பேடு. பக்கமெல்லாம் அவன் கையெழுத்தில் புது அளவுகள், நேற்றைய தேதியோடு. “அக்கா, கார்ல அவன் இல்லையே!” என்கிறான்.

கதவு திறக்கிறது. ஜெர்மானியர் திரும்பி வருகிறார்; கையுறையை மறந்துவிட்டாராம். தோரா சட்டென்று அந்த நாற்காலியில், குறிப்பேட்டின் மேலேயே அமர்கிறாள். திறந்த கதவுக்கு அப்பால் ஈவெரின் கண்கள், இத்தனை நேரம் ஹால்ஃப்டனைப் பார்த்த அதே இகழ்ச்சியோடு அவளைப் பார்க்கின்றன. தோரா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொள்கிறாள், எழவில்லை.