பட்டப்பெயர் இல்லாதவள்

வால்வைத் திறந்த பிறகுதான் பார்த்தாள். ஹோஸின் வாய் தொட்டிக்குள் இல்லை.

தரையில் கிடந்தது. கிடந்தது எழுந்தது. எழுந்தது ஆடத் தொடங்கியது.

முதல் வீச்சு ஃபோர்மேன் சென்னியப்பனின் முகத்தில். அடுத்தது டீத் தட்டின் மேல். அப்புறம் சுவர்.

சுவரில் நேற்றுதான் தெர்மாகோலில் எழுத்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். ‘நாம் ஒரே குடும்பம்.’ அதில் குடும்பம் மட்டும் பிய்த்துக்கொண்டு தண்ணீரில் மிதந்து போனது.

யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

பம்ப் நின்றது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போச்சு, எல்லாம் போச்சு.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு தப்பும் செய்யாதவள் அவள். கோயம்புத்தூரில் இந்த மோட்டார் பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பகுதிக்கு வந்த ஒரே பெண் இன்ஜினீயர். ஹோஸ் எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் வால்வில் கை வைத்ததே இல்லை.

இன்றைக்கு மனம் ஓசூரில் இருந்தது.

ஓசூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் போன் செய்து சொல்ல வேண்டும். வருகிறேன் என்றுதான் சொல்லப் போகிறாள்.

இங்கே என்ன குறை என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. குறையே இல்லை. அதுதான் குறை.

அவள் வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார்கள். டீ முதலில் அவளுக்குத்தான் வரும். நடந்துகொண்டிருந்த சிரிப்பு நின்றுவிடும்.

இந்த ஷெட்டில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சென்னியப்பன் முதல் நாள் மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்து, பம்பைத் தலைகீழாகச் சுற்ற விட்டவர். இருபது வருஷம் ஆகியும் அவர் ரிவர்ஸ்தான். பேக்கிங் மரகதம் தேனிக்குப் போக வேண்டிய லோடை ஐதராபாத்துக்கு அனுப்பிவைத்தவள். அவள் ஐதராபாத். முதலாளிக்கும் ஒன்று உண்டு. அதை ஷெட்டுக்கு வெளியே சொல்ல மாட்டார்கள்.

தப்புச் செய்தால்தான் பெயர். அவளுக்குப் பெயர் இல்லை.

அவள் மேடம்.

நேற்று எச்.ஆர். ஜெரால்டு ஒற்றுமை தினம் வைத்தார். பாவம், நல்ல மனுஷன். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டிஷர்ட், லட்டு, மியூசிக்கல் சேர். பாட்டு நிற்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. உட்காரப் போனவர்கள்கூட அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். கடைசியில் அவளே ஜெயித்தாள். எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

பரிசுத் தட்டை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் அழுதாள். ஓசூர் என்று முடிவு செய்தது அங்கேதான்.

இப்போது ஷெட் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பனின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் மெதுவாகக் கண்ணைத் துடைத்தார்.

அவர் சொல்லப் போவது அவளுக்குத் தெரியும். பரவாயில்லீங்க மேடம்.

திட்டட்டும். ஆபீசில் போய்ச் சொல்லட்டும். அதை மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதைச் சொல்லிவிட்டால் இனி இங்கே நிற்க முடியாது.

அவர் மூக்கைச் சிந்தினார். தலையை உதறினார். உருண்டு கிடக்கிற டீ டம்ளர்களைப் பார்த்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏ குற்றாலம்! நின்னு வேடிக்க பாக்காம அந்த வைப்பரை எடு.”



முதலில் மரகதம்தான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தே விட்டாள். இந்த வருஷம் சீசன் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்றாள். குளிக்க எண்ணெய் கொண்டுவந்திருக்கலாமே என்று மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. டிக்கெட் எவ்வளவு என்று இன்னொன்று.

அவள் வைப்பரை எடுத்தாள்.

தண்ணீர் தள்ளி முடிக்கிற வரைக்கும் கிண்டல் நிற்கவில்லை. இந்த மூலையை விட்டுட்டே என்று சென்னியப்பன் அதட்டினார். விரட்டி விரட்டி வேலை வாங்கினார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுபடியும் டீ வந்தது. இந்தத் தடவை முதல் டம்ளர் அவளுக்கு வரவில்லை. ஸ்டூலையும் யாரும் துடைக்கவில்லை. துடைக்கத்தான் ஒரு காய்ந்த துணி அங்கே ஏது?

போனை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தாள். வரவில்லை என்று சொல்ல ஓசூருக்கு அடித்தாள். நனைந்து கனத்த சுடிதாரை ஒரு கையால் பிழிந்தாள்.

“குற்றாலம், உன் டீ ஆறுது!” என்று உள்ளிருந்து மரகதம் கத்தினாள்.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். யார் பேசறீங்க என்று கேட்டார்கள்.

புதுப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துத்தான் அம்மா அப்பா வைத்த பெயரைச் சொன்னாள்.