கத்திக்கொண்டே வந்தவன்

"அவன் சாவுக்கு வர்றதே பெரிசு. மேடையேறிப் பேச வேற பேசணுமா? முடியாது!"

கண் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு லெஸ்டர் சொன்ன சொல் இது. கார் ஓட்டும் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டி வந்திருந்தார். மதியம் டூயியின் அடக்கம்.

"எத்தனை வருஷம் ஒரே இன்ஜின்ல உக்காந்தீங்க ரெண்டு பேரும்!" என்றாள் மனைவி வெர்னா. "சர்ச்சுல நாலு வார்த்தை பேசச் சொல்லி டூயி பொண்டாட்டி அழுதுகிட்டே கேட்டா."

"என்னன்னு பேச? என் காதைச் செவிடாக்கினவன்னா?"

ரயில்வே யார்டில் லெஸ்டர் இன்ஜின் டிரைவர், டூயி அவருக்கு உதவியாள். சிக்னல் நிறத்தை உதவியாள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் ஒப்புக்கு முணுமுணுப்பார்கள். டூயி ஊரைக் கூட்டுவான்.

"செவப்பு! என் மாமியா மூக்கு மாதிரி செவப்பு! நில்லுடா லெஸ்டர்!"

"பச்சை! நெப்ராஸ்கா சோளக்காடு மாதிரி பச்சை! விடுடா வண்டிய!"

யார்டே சிரிக்கும். 'சங்கு' என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிட்டார்கள்.

"ரயில்வேல எனக்குக் கண் பரிசோதனை நடக்கற அன்னைக்காவது வாயை மூடினானா?" லெஸ்டருக்கு இன்னும் ஆறவில்லை. "ரயில்வே டாக்டர் கலர் விளக்கைத் தூக்கினா, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாலேருந்து கத்துவான். அவரும் சிரிச்சிட்டு, போ போன்னு அனுப்பிடுவாரு. வருஷா வருஷம் இதே கூத்து."

"விளையாட்டுப் பிள்ளை, விடு."

"விளையாட்டா? சோம்பேறி! டிரைவர் வேலை தர்றேன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. போகல. இவனை வேற இன்ஜினுக்கு மாத்துங்கன்னு நானே மேல எழுதிப் போட்டேன். அழுது கெஞ்சி என்கூடவே ஒட்டிக்கிட்டான், கழுதை."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கலர் கலராகப் புள்ளி வைத்த அட்டையை நீட்டினாள்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? வெறும் புள்ளிதானேம்மா இருக்கு."

"இதுல?"

"இதுலயும் புள்ளிதான். கிழவன்னு கேலி பண்றீங்களா?"

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வெர்னா சொன்னாள்: "லெஸ்டர், எழுபத்தி நாலு. இவ்வளவு பெரிசா இருக்கே!"

டாக்டரம்மா அட்டையைக் கீழே வைத்தாள். "என்ன வேலை பார்த்தீங்க?"

"இன்ஜின் டிரைவர்." லெஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "சாகுறவரைக்கும் சொல்லிக்குவேன், ஒரு மோதல் கிடையாது, ஒரு ஆளுக்குக் காயம் கிடையாது."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஐயா, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. வேலையில இருந்தப்பவே இருந்திருக்கணும். உங்களுக்கே தெரியாம இருந்திருக்கும். சிக்னலை எப்படித்தான் பார்த்தீங்க?"

பெட்ரோல் ஏற்றிய வேகன்கள், தண்டவாளத்துக்கு நடுவே குனிந்து கொக்கி மாட்டிய ஆட்கள், எல்லாம் லெஸ்டரின் கண்முன் வந்து நின்றன. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் பார்க்கலம்மா," என்றார்.

வெர்னா அவர் தோளைப் பிடித்தாள்.

"லெஸ்டர், நீ ரிட்டயர் ஆன விருந்துல டூயி என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு சொன்னான். குடிச்சிட்டு உளர்றான்னு நெனச்சு உன்கிட்ட சொல்லவே இல்ல."

"என்ன சொன்னான்?"

"'எனக்குத் தொண்டை போச்சு வெர்னா. இனிமே அவன் கார் ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து நீ கத்து'ன்னான்."