வலப்பக்கக் காது

திரை விலகியதும் எல்லோரும் சிலையின் முகத்தைப் பார்த்தார்கள். மீனாம்பிகை காதைப் பார்த்தார்.

காது நன்றாகத்தான் வந்திருந்தது. மடலிலும் மடிப்பிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆழ்வாப்பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் அது இவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை.

அவர் போய் ஒரு வருடம். பலமுறை பிரதேச சபைத் தவிசாளராக இருந்த மனிதரை மீன்பிடித் துறைச் சனம் மறக்கவில்லை. சந்தியில் மார்பளவுச் சிலை வைத்து, அளவெட்டியிலிருந்து நாதஸ்வரமும் பிடித்துவிட்டார்கள். பீடம் தாழ்வாய்ப் போய், சிலை ஆள் உயரத்திலேயே நின்றுவிட்டதுதான் ஏற்பாட்டாளர்களுக்கு மனக்குறை.

பேச்சாளர் ஒலிவாங்கியை விடுவதாயில்லை. கடற்கரைச் சனத்தின் குறைகளுக்கெல்லாம் செவிசாய்த்த பெருமகன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மீனாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தவிசாளரின் மனைவி அழுகிறார் என்று முன்வரிசை நினைத்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் ஒரு மனுசி வேறென்ன செய்வது.

செவிசாய்த்தது உண்மை. ஷெல் விழுந்து அவருடைய இடக்காது போனது ஊரறிந்த கதை. அதனால் யார் வந்தாலும் வலப்பக்கம் கூப்பிட்டு இருத்தி, தலையைச் சாய்த்துக் கொடுப்பார். விறாந்தையில் அந்த வலப்பக்கக் கதிரையில் வீட்டு ஆட்கள் யாரும் இருப்பதில்லை. வந்தவர்கள் குனிந்து அந்தக் காதுக்குள் உரத்துச் சொல்வார்கள். ஆழ்வாப்பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு வாசலைப் பார்த்தபடியே கேட்பார். ஆழமாக யோசிக்கிறார் என்று சனம் மெச்சும்.

எல்லாம் கேட்டு முடிந்ததும் அவர் சொல்வது ஒரே வசனம்.

"நாளைக்குக் கச்சேரிக்குப் போறன்."

போவார். சொன்னது ஒன்றும் பிசகாமல் அந்த அரசாங்க அலுவலகத்தில் ஒப்புவிப்பார். அதிகாரிகள் சொல்லும் சாட்டு எதுவும் அவர் காதில் ஏறாது. கடைசியில் காரியம் நடக்கும்.

கூட்டம் முடிந்து சனம் தேத்தண்ணிப் பக்கம் சாய்ந்தது. மகள் பிரதீபா வந்து தோளைத் தொட்டாள்.

"அம்மா, வாங்கோ. வான் நிக்குது."

பெட்டிகள் காலையிலேயே ஏற்றியாயிற்று. இங்கிருந்து நேரே விமான நிலையம், பிறகு கனடா. இனி இந்த ஊரில் எனக்கு என்ன வேலை என்று ஒப்புக்கொண்டவர் மீனாம்பிகைதான். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதை மகளிடம் சொல்லவில்லை.

வானுக்குப் போகிற வழியில், சிலைக்கு முன்னால், அவர் கால் நின்றது.

சின்னாச்சி பீடத்தைச் சுற்றியிருந்த படியில் ஏறிக்கொண்டிருந்தார். துறையில் மீன் விற்கிற மனுசி. இடப்பக்கம் ஏறியவர், நினைவு வந்தவராய் முதுகுப்புறமாகச் சுற்றி வலப்பக்கம் போனார். கோயிலில் நந்தியின் காதுக்குச் சொல்வதுபோல் வாயைக் கிட்டக் கொண்டுபோய், ஆனால் உரத்து, சொல்லத் தொடங்கினார்.

"துறைவாய் லைற் நூந்து கிடக்குது, ஒரே இருட்டு, சேர்மன் ஐயா. முந்தநாளும் என்ரை பெடியன்ரை வள்ளம் கல்லிலை அடிச்சுப்போட்டுது. தப்பினது அருந்தப்பு. சொல்லாத இடமில்லை, ஒருத்தரும் கேக்கினமில்லை."

தேத்தண்ணியோடு நின்ற சிலர் ஆளை ஆள் பார்த்துச் சிரித்தார்கள். மீனாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை.

இடக்காதுக்குப் பின்னால் வலக்காதும் மெல்ல மெல்லப் போனது ஊருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. "காது கேளாதவனிட்டை ஆர் வந்து குறை சொல்லப்போகினம்?" என்று ஆழ்வாப்பிள்ளை ஒருநாள் கேட்டார். அதோடு அந்த விசயம் அவர்கள் இருவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

சபைக் கூட்டங்களைச் சமாளிப்பது பெரிய பாடாக இருக்கவில்லை. அங்கே ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் வழக்கமில்லை. விறாந்தைக்குத்தான் மீனாம்பிகை வேண்டியிருந்தது.

வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால், வீட்டு வாசலில் நிற்பார். அவர்கள் அந்தக் காதுக்குள் சொல்லச் சொல்ல, அதையே சத்தமில்லாமல் உதட்டால் சொல்லுவார். இத்தனை காலம் ஒன்றாக வாழ்ந்ததில், உலகத்தில் அந்த ஒரு வாயை மட்டும் ஆழ்வாப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்.

சிலையின் கண்கள் இப்போதும் நேரே மீனாம்பிகையைத்தான் பார்த்தன.

மீனாம்பிகையின் உதடுகள் தம்பாட்டில் அசைந்தன. லைற் நூந்து கிடக்குது. பெடியன்ரை வள்ளம். தப்பினது அருந்தப்பு. ஒருத்தரும் கேக்கினமில்லை.

சின்னாச்சி சொல்லி முடித்துவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றார். பழக்கம். அந்த ஒரு வசனம் வரும்வரை யாரும் விறாந்தையை விட்டுப் போனதில்லை.

மீனாம்பிகையும் காத்திருந்தார். சிலை பேசாமல் இருந்தது. வான்காரன் ஹோர்ன் அடித்தான். பிரதீபா மறுபடி கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கச்சேரிக்குப் போறன்" என்றார் மீனாம்பிகை, சத்தமாக.